பெரியம்மாவின் எடை

"தலையை ஆட்டாதீங்க. ஆட்டினா மீசை போயிடும்" என்பார் சவரக்கடைக்காரர். அப்படிச் சொல்லிவிட்டுத்தான் கதையை ஆரம்பிப்பார்.

கன்னத்தில் நுரையும் கழுத்தில் கத்தியுமாக உட்கார்ந்திருக்கிறவன் என்ன மறுத்துப் பேசிவிட முடியும்? "உம்" என்பான். அந்த ஒரு "உம்" போதும் அவருக்கு.

கதைக்குச் சாட்சி கண்ணாடிக்கு மேலே சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. போட்டோவில் அவர் முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டிருக்கிறார். இரண்டு கைகளிலும் கைக்குழந்தையைப்போல ஒரு கெண்டை மீன். அவருடைய தொப்பையைவிடப் பெரிய தொப்பை அதற்கு. இடது விலாவில் உள்ளங்கை அகலத்துக்குச் செதிலே இல்லாமல் வழுவழுவென்று ஓர் இடம். அந்த இடத்தைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்வார்கள். ஊரில் தூண்டில் போடாதவர்களுக்கும் அந்த மீனைத் தெரியும். அதன் பெயர் பெரியம்மா.

"அன்னைக்கு நல்ல பனிங்க..."

"தெரியும்ணே, போன தடவையும் சொன்னீங்க" என்று நுரைக்குள்ளிருந்து குரல் வரும்.

"போன தடவை பாதியிலயே உங்க முடி தீர்ந்துபோச்சு. இன்னைக்கு முழுசாக் கேளுங்க."

ஊருக்கு வெளியே ஒரு காலத்தில் செங்கல் சூளை இருந்தது. அதற்கு மண் எடுத்த பள்ளத்தில் ஊற்றுக் கண் திறந்து தண்ணீர் ஏறிவிட்டது. சூளை போய்விட்டது, தண்ணீர் நின்றுவிட்டது. குளம் என்றோ ஏரி என்றோ யாரும் சொல்வதில்லை. பள்ளம்தான். யாரோ ஒருவர் வாளியில் கொண்டுவந்து விட்ட குஞ்சுகளில் ஒன்றுதான் பெரியம்மா ஆயிற்று என்பார்கள். கரையில் ஒரு தகரக் கொட்டகை, அதில் தூண்டில்காரர் சங்கம். சங்கத்துக்கு ஒரே சட்டம்: பிடித்த மீனை நிறுக்கலாம், போட்டோ எடுக்கலாம், கொல்லக் கூடாது. முள் குத்திய இடத்தில் மருந்து தடவித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். மருந்து தடவுகிற வேலை மருந்துக்கடைக்காரருடையது. சங்கத்தின் செயலாளரும் அவர்தான், தொங்கு தராசை வைத்திருப்பவரும் அவர்தான். பெரியம்மாவின் உதட்டுக்கு மருந்து தடவித் தடவியே அவருக்கு வயதாகிவிட்டது. அவர் தூண்டிலில் மட்டும் அது ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

கடைக்கு விடுமுறை வருகிற நாளில் சவரக்கடைக்காரர் விடிவதற்குள் பள்ளத்துக்குக் கிளம்புவார். மனைவியும் கூடப் போவாள். அவள் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை பார்ப்பவள். வாரத்தில் கிடைக்கிற அந்த ஒரு காலையை அவள் ஏன் ஈரக் கரையில் செலவழிக்கிறாள் என்று கேட்டவர்கள் உண்டு.

"வீட்ல இருந்தாலும் உக்காரத்தான் போறேன். அங்க உக்காந்தா காத்தாவது வருது" என்பாள்.

இரை பிசைவது அவள்தான். மாவும் முட்டையும் கொஞ்சம் சோம்பும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பாள். மிதந்து வந்தால் வெந்துவிட்டது. கரையில் மடக்கு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். தூண்டில் கோலைத் தொட்டதில்லை. தொடு என்று அவரும் சொன்னதில்லை.

போட்டோ எடுத்து வெகுகாலம் கழித்து ஒரு காலையில் பனி எப்படி இறங்கியிருந்தது என்றால், தண்ணீர் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எதிர்க்கரை இல்லை. கொட்டகை இல்லை. தூண்டில் தக்கை மட்டும் வெள்ளையில் வைத்த சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது. பேசினால் வார்த்தை பஞ்சுக்குள் போட்ட காசு மாதிரி விழுந்தது.

"டீ பிளாஸ்க் எங்க?" என்றார் அவர்.

"நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னு நினைச்சேன்."

"நீ எடுத்துக்கிட்டேன்னு நான் நினைச்சேன்."

"அப்ப பிளாஸ்க் நல்லாத் தூங்கிட்டு இருக்கும்."

பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. அவர் எழுந்தார். "போய் வாங்கிட்டு வந்துடறேன். கோலைத் தொட வேணாம். தக்கை முங்கினா ஒரு குரல் குடு."

"இந்தப் பனியில குரல் எங்க போகும்?"

அவர் அதற்குள் பனிக்குள் போய்விட்டார்.

திரும்பி வரும்போது இரண்டு கையிலும் இரண்டு டீ. முக்காலியில் ஆள் இல்லை. கோல் கரைப் புல்லில் கிடந்தது. தண்ணீர்ப் பக்கம் பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கைகள் தண்ணீருக்குள் இருந்தன. கைகளுக்கு மேல் பொன்னும் பழுப்புமாக ஒரு பெரிய முதுகு ஏறி ஏறித் தணிந்தது. அவள் முகம், தூங்கி எழுந்து இன்னும் யாரிடமும் பேசாதவள் முகம்போல இருந்தது.

"ஏங்க" என்றாள் மெதுவாக. "பெரியம்மா வந்திருக்காங்க."

வீட்டுக்கு விருந்தாளி வந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"கைவலையை எடுக்கலையா?"

"எட்டல."

"தூண்டில் நரம்பு அறுந்துச்சா?"

"இல்லையே."

அவர் கரை ஓரத்தில் குனிந்தார். செதில் இல்லாத அந்த வழுவழுப்பு தெரிந்தது. "எடை என்ன இருக்கும்?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அதற்குள், எதிர்ப்பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த மருந்துக்கடைக்காரர் தண்ணீர்ச் சத்தம் கேட்டுத் தராசும் துணித்தொட்டிலுமாக வந்துவிட்டார். ஈரத் துணித்தொட்டிலில் மீனை ஏந்தி, கரையில் கூட்டி நட்ட மூன்று கம்புகளில் தொங்கவிட்டார்கள். தராசின் முள் ஆடியது, நின்றது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"முப்பத்தொண்ணு கிலோவுக்கு மேல. உங்க போட்டோவுல இருக்கறது இருபத்தாறுதானே? பெரியம்மா பெரிய பாட்டியம்மா ஆயிட்டாங்க." அவர் நிமிர்ந்தார். "யார் எடுத்தது?"

சவரக்கடைக்காரரின் கால்சட்டை மடிப்புக் கலையாமல் காய்ந்திருந்தது. அவர் மனைவியின் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டவருக்குக் கண் இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"நம்ம கோல்தான்" என்றார் சவரக்கடைக்காரர்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு மீனை வாங்கிக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் இறங்கினாள். மருந்து தடவிய உதடு திறந்து மூடியது. வயிற்றுக்கடியில் கை கொடுத்து, அதற்கு மூச்சு நிதானப்படும்வரை நின்றாள். யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போவதுபோல அந்தப் பொன்னிறம் மெல்ல நகர்ந்து, மங்கி, இல்லாமல் போனது.

வாங்கி வந்த டீ இரண்டும் ஆறிப்போயின.

*

வீட்டில் அவருடைய அக்கா இருந்தாள். முழங்கால் சரியில்லாதவள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே உருளைக்கிழங்கு உரிப்பது, முட்டை வேகவைப்பது, யார் எப்போது வந்தார்கள் போனார்கள் என்று பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு.

"என்னம்மா, இப்படித் தொப்பலா வந்து நிக்கிறே? தம்பி உன்னைத் தள்ளிவிட்டானா?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு தண்ணி?"

அவள் துணி மாற்றி, நனைந்ததைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வேலைக்குத் தயாரானாள். அப்போது வாசலில் ஆரன் சத்தம். அவளுடைய தம்பி, பஸ் டிரைவர். பணிமனைக்குப் போகிற வழியில் தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

"மாமா! மறுபடி பெரியம்மாவைப் பிடிச்சுட்டீங்களாமே! ஊரே பேசுது. முப்பத்தொண்ணாமே!"

சவரக்கடைக்காரர் உருளைக்கிழங்கின் மேல் உப்புத் தூவிக்கொண்டிருந்தார். தூவிய உப்பின் மேல் மறுபடி தூவினார்.

"உன் பஸ்ஸுக்கு நேரமாகலையா?" என்றார்.

"ஆயிடுச்சு, ஆயிடுச்சு. லீவன்னைக்குக் கடைக்கு வர்றேன், கதை சொல்லணும்."

அவன் போய்விட்டான். அவர் மனைவி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். டப்பா மூடுகிற சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அக்கா கத்தியால் கிழங்கின் கண்ணைத் தோண்டி எடுத்தாள். "போன தடவை பிடிச்சப்ப ஒரு வாரம் யாரையும் தூங்கவிடல நீ. இப்ப என்ன, வாய்க்குப் பூட்டா?"

"சாப்பிடறேன்ல."

"சாப்பிடு, சாப்பிடு. உப்புக் கரிக்கும், பார்த்து." கொடியைப் பார்த்தாள். "கொடியில தொங்கறது யார் துணின்னு எனக்குத் தெரியாதாடா? முட்டிதான் போச்சு. கண்ணு இருக்கு."

*

சலவைக்கூடத்திலும் பனிதான், ஆனால் வெளியே போக வழியில்லாத பனி. கொதிகலனிலிருந்து ஆவி ஏறி, கூரைத் தகரத்தில் முத்து கட்டி, மறுபடி தலையில் சொட்டும். ஆஸ்பத்திரி விரிப்புகளும் விடுதி விரிப்புகளும் மலைமலையாக வரும். இரண்டு பேர் எதிரெதிராக நின்று மடிக்க வேண்டும். தனியாக ஒருத்தி மடிக்கவே முடியாது, அவ்வளவு நீளம்.

அதற்கு ஒரு நடை உண்டு. இரண்டு முனையை இவள் பிடிப்பாள், இரண்டு முனையை அவள். முதலில் ஓர் உதறல். பிறகு இழுப்பு. எதிரில் இருக்கிறவள் இழுத்தால் இவள் விட்டுக்கொடுக்க வேண்டும், அவள் தளர்ந்தால் இவள் எடுத்துக்கொள்ள வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தால் துணி கிழியும். இருவரும் ஒரே நேரத்தில் விட்டால் தரையில் விழும், மறுபடி துவைக்க வேண்டும். பழகியவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்ப்பதுகூட இல்லை. துணி வழியாகவே தெரிந்துவிடும்.

"உன் வீட்டுக்காரர் மறுபடி பிடிச்சாராமே" என்றாள் எதிரில் நின்ற ஜோடிக்காரி.

பதில் துணி வழியாக வந்தது. ஜோடிக்காரி ஓரடி முன்னால் வந்து நின்றாள்.

"ஏய், என்னடி இழுப்பு! ஆஸ்பத்திரிச் சொத்துடி, கிழிச்சுடாதே."

"தெரியாம இழுத்துட்டேன்."

"நீயா? தெரியாமயா?" ஜோடிக்காரி பக்கத்தில் வந்து முனையோடு முனை சேர்த்துக் கொடுத்தாள். "கைக்கு என்ன ஆச்சு? விரல் எல்லாம் கோடு கோடா?"

"நரம்பு அறுத்தது."

"எந்த நரம்பு?"

"தூண்டில் நரம்பு."

ஆவிக்குள் ஒரு விரிப்பு, இன்னொரு விரிப்பு என்று மடிந்தன.

"அப்ப ஊர்ல தப்பாச் சொல்றாங்க" என்றாள் ஜோடிக்காரி கடைசியில்.

"ஊர் சொல்றதுக்கு நான் என்ன பண்றது? வீட்டுக்காரரே சொல்லலையே."

*

ஊரில் தப்பாகச் சொன்னது ரொம்ப நாள் நிற்கவில்லை. மருந்துக்கடைக்காரர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். சுவர் ஓரப் பெஞ்சில் பஸ் டிரைவர் தன் முறைக்குக் காத்திருந்தான்.

"சங்கத்துச் சாதனைப் பலகையில எழுதணும்" என்றார் மருந்துக்கடைக்காரர். "பெயிண்ட் வாங்கியாச்சு. யார் பேரை எழுதட்டும்?"

சவரக்கடைக்காரர் பிரஷைச் சுழற்றினார். நுரை பொங்கி வழிந்தது. "அது கிடக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன். அந்த மீனைப் பிடிக்கிறது இப்ப ஒரு சாதனையா?"

"ஏன்?"

"யோசிச்சுப் பாருங்க. எத்தனை பேர் கையில மாட்டின மீன் அது! உதட்டைப் பாருங்க, கிழிஞ்ச பை மாதிரி இருக்கு. வயசாயிடுச்சு, ஓட முடியல. சங்கத்துல இருக்கற அத்தனை பேரும் வாரா வாரம் உருண்டை உருண்டையாப் போட்டு வளர்த்த உடம்பு. அந்த முப்பத்தொண்ணும் நம்ம மாவு. நாமளே தீனி போட்டு, நாமளே பேர் வெச்சு, நாமளே பிடிச்சு, நாமளே எடை பார்த்துக்கறோம். இதுல யார் ஜெயிச்சது? கோழிக்கூண்டுல கையை விட்டுக் கோழி பிடிச்சேன்னு சொல்ற மாதிரி இல்ல?"

"நியாயம்" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் அதை நெடுநாளாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவர். "பேர் தெரியாத தண்ணியில, யாரும் பார்க்காத மீனைப் பிடிக்கணும். அது சின்னதா இருந்தாலும் அதுதான் பிடிக்கிறது. இது, ஊர் அறிஞ்ச ஆளுக்கு வணக்கம் சொல்லிட்டு வர்ற மாதிரி."

"அதெப்படி?" என்றான் டிரைவர் பெஞ்சிலிருந்து. "மலை ஏறறவன் பேர் வெச்ச மலையிலதானே ஏறறான்? ஏற்கெனவே நாலு பேர் ஏறின மலைதானே? அவனுக்கு மட்டும் மாலை போடறீங்க?"

"மலைக்கு யாரும் தீனி போட்டு உயரமாக்கலையே தம்பி."

"தீனி போட்டவங்க எல்லாருக்குமா மாட்டிச்சு? நீங்களும்தான் போட்டீங்க."

மருந்துக்கடைக்காரர் முகம் நுரைக்குள்ளேயே சிவந்தது. "மாட்டறது அதிர்ஷ்டம். அன்னைக்கு உங்க அக்காவுக்கு மாட்டின மாதிரி."

"அக்காவுக்கா?"

கத்தி நின்றது.

"இடுப்பளவு நனைஞ்சு நின்னது உங்க அக்காதான். உங்க மாமா டீயைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். நான் பார்த்ததைத்தான் சொல்றேன்."

டிரைவர் மாமாவைப் பார்த்தான். பிறகு கண்ணாடிக்கு மேலே பார்த்தான். குரலில் கேலி இல்லை. சின்னப் பிள்ளை சந்தேகம் கேட்பது மாதிரி கேட்டான்.

"அப்ப மாமா... அதைப் பிடிக்கிறது ஒண்ணுமே இல்லன்னா, அந்தப் போட்டோ?"

கத்தியிலிருந்து ஒரு சொட்டு நுரை மருந்துக்கடைக்காரர் மடியில் விழுந்தது. பாதிக் கன்னம் மழித்தபடியே அவர் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

*

சவரக்கடைக்காரர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கையில் துணி சுற்றிய ஒரு பொருள் இருந்தது. கட்டிலுக்கு அடியில் குப்புறத் தள்ளினார்.

"என்னடா அது?" என்றாள் அக்கா.

"போட்டோ."

"அதை ஏன் இறக்கினே? மாலை போடவா? ஆள் உயிரோடதானே இருக்கே?"

"அது சாதனை இல்லக்கா. ஒண்ணுமே இல்ல. இத்தனை நாள் வர்றவன் போறவன் கழுத்தை எல்லாம் பிடிச்சு வெச்சுச் சொல்லிட்டு இருந்தேன். வெட்கமா இருக்கு."

அவர் மனைவி அடுப்பில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். நாலைந்து நாளாக அவரிடம் பேசாதவள் திரும்பினாள்.

"அதை எடுத்துட்டுப் போய் இருந்த இடத்துல மாட்டுங்க."

"எதுக்கு?"

"உங்களுதைக் குறைச்சா என்னோடது கூடிடுமா?"

"நான் அதுக்காகச் சொல்லல..."

"பின்ன எதுக்காகச் சொன்னீங்க? நான் பிடிச்சதும் அந்த மீனுக்கு வயசாயிடுச்சு, கிழம் ஆயிடுச்சு, கோழி ஆயிடுச்சு. தம்பி வந்து சொன்னான். அன்னைக்கு நீங்க பிடிச்சப்ப நானும்தான் பக்கத்துல இருந்தேன். உங்க கை நடுங்கினது எனக்குத் தெரியும். விட்டதுக்கு அப்புறம் கரையில உக்காந்து, செருப்பை எந்தக் கால்ல போடறதுன்னு தெரியாம வெச்சுக்கிட்டு இருந்தீங்க. அது பொய்யா? அந்த நடுக்கம் பொய்யா?"

ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. அக்கா நாற்காலியிலிருந்தே கை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"சரி, நான் என்ன செய்யணும்?" என்றார் அவர். "பலகையில உன் பேரை எழுதச் சொல்றேன். போதுமா?"

"பலகையை வெச்சு நான் என்ன, துணியா காயப்போடப் போறேன்?"

"அப்ப என்னதான் வேணும் உனக்கு?"

அவள் ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்தாள். கருகிய பக்கத்தைச் சுரண்டி, சுரண்டிய ரொட்டியை அவர் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

*

சங்கக் கூட்டத்தன்று மழை. தகரக் கொட்டகையில் மழை பெய்தால் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. கத்தித்தான் பேச வேண்டும். பலகையைச் சுவரிலிருந்து இறக்கி மேசையில் படுக்க வைத்திருந்தார்கள். மேலிருந்து கீழாகப் பெயர்கள், பக்கத்தில் எடைகள். பதினாறு, பத்தொன்பது, இருபத்திரண்டு என்று ஏறிக்கொண்டே போய் சவரக்கடைக்காரர் பெயரில் இருபத்தாறு. எல்லாம் ஒரே மீன்.

"இது சாதனைப் பலகை இல்ல" என்று டிரைவர் கத்தினான். அக்கா சார்பில் அவனும் வந்திருந்தான். "பெரியம்மாவோட எடைச் சீட்டு!"

சிரிப்பு மழையை மீறிக் கேட்டது. மருந்துக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பிரஷைப் பெயிண்டில் தொட்டார்.

சவரக்கடைக்காரர் எழுந்து நின்றார். "அன்னைக்கு நான் அங்க இல்ல" என்றார். மழையில் கேட்கவில்லை. கத்திச் சொன்னார்: "நான் அங்க இல்ல! டீ வாங்கப் போயிருந்தேன்! 'நம்ம கோல்தான்'னு சொன்னேன். கோல் நம்மளுது. கை அவளுது. அவ பேரை எழுதுங்க."

"அன்னைக்கு நீங்களே சொன்னீங்களே, அதைப் பிடிக்கிறது ஒண்ணும் இல்லன்னு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒண்ணும் இல்லன்னா என் பேரையும் அழிங்க. எல்லார் பேரையும் அழிங்க. பலகையை அடுப்புல வைங்க. இருக்குன்னா அவ பேரும் இருக்கணும்."

பலகையில் பெயர் இருந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தார்கள். அடுப்பில் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

"எழுதறேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஆனா விவரம் வேணும். பக்கத்துல குறிக்கணும்ல? எந்தப் பக்கம் ஓடிச்சு? ஆழத்துக்குப் போச்சா, நாணல் பக்கம் போச்சா? கைவலை இல்லாம எப்படி எடுத்தாங்க?"

சவரக்கடைக்காரர் வாயைத் திறந்தார். தன்னுடைய மீன் எந்தப் பக்கம் ஓடியது, எங்கே நின்றது, எத்தனை தடவை முதுகைக் காட்டியது என்று அந்த ஊரில் தாடி வளர்கிற ஒவ்வொருவனுக்கும் சொன்ன வாய். அதில் ஒன்றும் வரவில்லை.

"தெரியாது" என்றார்.

"அவங்க சொல்லலையா?"

"நான் கேக்கல."

"கேக்கலையா?" மருந்துக்கடைக்காரருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

சவரக்கடைக்காரர் குடையை எடுக்காமல் மழையில் இறங்கி நடந்தார்.

*

மறுநாள் மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் கழுவி வைத்த தட்டு மாதிரி பளபளத்தது. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம். அவர் மனைவி கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் கழுத்தைச் சுற்றிப் போர்த்துகிற வெள்ளைத் துணிகளைச் சலவைக்கூடத்தில் வெளுத்து அவள்தான் கொண்டுவந்து கொடுப்பாள். கோபம் இருந்தாலும் துணி வெளுக்காமல் இருக்க முடியுமா?

உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தாள். போட்டோ பழைய இடத்தில் இருந்தது. கொஞ்சம் கோணலாக.

"உக்காரு" என்றார் அவர், சுழல் நாற்காலியைக் காட்டி.

"எதுக்கு? முடி வெட்டப் போறீங்களா?"

"உக்காரேன்."

அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடியில் இருவரும் தெரிந்தார்கள். அவர் கையில் கத்தி இல்லை, சீப்பு இல்லை. அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு நான் டீ வாங்கப் போனேன்" என்றார்.

"ஆமா."

"அப்புறம்?"

அவள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள்.

"எடையை எல்லாரும் கேட்டீங்க" என்றாள். "நீங்களும் அதைத்தான் கேட்டீங்க. மார்க்கெட்டுல கேக்கற மாதிரி."

"தப்புதான். இப்பக் கேக்கறேன். அப்புறம் என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு... பனி. நீங்க போனதும் உங்க கால் சத்தமும் போயிடுச்சு. எனக்குத் தூக்கம் வர்ற மாதிரி இருந்துச்சு. தக்கை முங்கல தெரியுமா? நடந்துச்சு. யாரோ பின்னாடி இருந்து கூப்பிட்ட மாதிரி, திரும்பி நடந்து போச்சு. ரெண்டு தடவை 'ஏங்க'ன்னு கூப்பிட்டேன். பனி தின்னுடுச்சு."

"நான் சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லிட்டு நின்னுட்டு இருந்திருப்பேன்."

"குறுக்கே பேசாதீங்க. கோல் வழுக்கிக்கிட்டுப் போகப் பார்த்துச்சு. போனாப் போகட்டும்னு விட முடியுமா? உங்க கோலாச்சே. பிடிச்சேன். பிடிச்சதும் ஓர் இழுப்பு. கைக்குப் பழகின இழுப்பு. எனக்குப் பயமே வரல. அது இழுத்துச்சு, நான் விட்டேன். தளர்ந்துச்சு, எடுத்தேன். கோல்ல எடுக்க முடியாதப்ப நரம்பையே கையில சுத்தி எடுத்தேன். நாணல் பக்கம் போச்சு, நானும் தண்ணியில இறங்கிக் கூடவே போனேன். அந்தப் பக்கம் ஒரு ஆள் நிக்கிற மாதிரியே இருந்துச்சுங்க. பனியில முகம் தெரியல. ஆனா மடிக்கத் தெரிஞ்ச ஆள். அவசரப்படல. நாங்க ரெண்டு பேரும் என்னத்தையோ ரொம்பப் பெருசா ஒண்ணை மடிச்சுக்கிட்டு இருந்தோம். மடிக்க மடிக்கக் கிட்ட வந்துச்சு. கடைசியில முனையைக் கொடுக்கற மாதிரி கையில வந்து நின்னுச்சு."

அவள் நிறுத்தினாள். குழாயில் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்பத்தான் நீங்க வந்தீங்க. எடை என்ன இருக்கும்னு கேட்டீங்க."

அவர் போட்டோவை ஒருதரம் பார்த்தார். "எனக்கு அப்படி இல்ல" என்றார். "நான் இழுத்துக்கிட்டே இருந்தேன். அதுவா அலுத்துப்போய் வந்துச்சு." அதை அவர் எந்தக் கழுத்திடமும் சொன்னதில்லை.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். மூட்டையைப் பிரித்து, இருந்ததிலேயே பெரிய வெள்ளைத் துணியை உதறினாள். கடைக்குள் சோப்பும் வெயிலுமாக ஒரு வாசனை பரவியது. இரண்டு முனைகளை அவர் கையில் கொடுத்தாள். மற்ற இரண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள், வாசல் நிலைவரைக்கும்.

"இப்ப நீங்கதான் பெரியம்மா."

"நானா?"

"தொப்பை இருக்குல்ல. இழுங்க."

அவர் இழுத்தார். அவள் விட்டாள். அவ்வளவு எளிதாக அவள் விடுவாள் என்று நினைக்காததால் ஓரடி பின்னால் தடுமாறினார். தளர்ந்தார். தளர்ந்தது அவருக்குத் தெரிவதற்குள் அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். மறுபடி இழுத்தார். மறுபடி விட்டாள். துணி அவர்களுக்கு நடுவே மூச்சுவிடுவதுபோல ஏறித் தணிந்தது. வெளியே தெருவில் யாரோ கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சவரம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார்கள்.

முனையோடு முனை சேர்ந்தது. துணி பாதியாயிற்று. அவள் ஓரடி முன்னால் வந்தாள். பாதியில் பாதியாயிற்று. அவள் விரல்களில் நரம்பு அறுத்த கோடுகள் இன்னும் ஆறாமல் இருந்தன. அவர் இப்போதுதான் அவற்றைப் பார்த்தார்.

"இதுக்கு மருந்து..." என்று ஆரம்பித்தார்.

"உஷ்" என்றாள் அவள், கடைசி முனையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டே. "மீன் பேசாது."